பத்து நாளில் ஏழு நாடு... ஒரு கம்பம் கணக்கு

"பத்து நாளில் ஏழு நாடுகள்!" ஐரோப்பா சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு வரி கண்ணில் படும். கூடவே ஈபிள் கோபுரம், பனிமலை, பைசா சாய்ந்த கோபுரம் மூன்றையும் ஒட்டுப்போட்டு ஒரு படம். பத்தை ஏழால் வகுத்தால் ஒரு நாட்டுக்கு ஒன்றரை நாள்கூட வரவில்லையே என்று ஏனோ யாரும் கேட்பதில்லை. வணிகவியல் படிக்கும் எவருக்கும் இந்த வகுத்தலைப் பார்த்ததும் கை அரிக்கும்!

அந்த ஏழு எவை எவை? பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி. ஆறாச்சா? ஏழாவதாக லிக்டன்ஸ்டைனோ வாட்டிகனோ வந்து உட்கார்ந்துகொள்ளும். லிக்டன்ஸ்டைனின் மொத்தப் பரப்பே 160 சதுர கி.மீ. வாட்டிகன் அரை சதுர கி.மீ. கூடக் கிடையாது. லக்சம்பர்க்கைச் சேர்த்தால் எண்ணிக்கை எட்டாகும். அது 2,586 சதுர கி.மீ. உள்ள ஒரு முழு நாடு, நம் தேனி மாவட்டத்தைவிடச் சிறியது. தேனி மாவட்டத்தில் தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடி, உத்தமபாளையம் என்று ஐந்து தாலுகா. காலையில் ஆண்டிபட்டிக் கணவாயில் நுழைந்து சாயங்காலம் குமுளியில் ஏறிப் போனவர், "ஒரே நாளில் அஞ்சு தாலுகா பாத்துட்டேன்" என்று சொன்னால் டீக்கடையில் என்ன பதில் கிடைக்கும்? அதையே பாஸ்போர்ட்டோடு செய்தால் மட்டும் பெருமையா?

ஆக, ஒரு நாட்டுக்கு எத்தனை நாள் என்ற கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. நாடு என்பது வரைபடத்துக்குச் சரியான அளவு. பயணத்துக்கு அது அளவுகோலே ஆகாது. பாரிஸும் பிரான்ஸ்தான், அங்கிருந்து அறுநூறு கி.மீ. தள்ளியிருக்கும் மத்தியதரைக் கடற்கரையும் பிரான்ஸ்தான்.

இந்தக் கணக்கைப் போட்டே தீரவேண்டிய நிலை கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்தது. ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர், அவர் மனைவி, சென்னையில் வேலை பார்க்கும் மகள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஐரோப்பா. மறுபடி போகிற உத்தேசமும் இல்லை, பணமும் இல்லை. பாதி செலவு மகளுடையது, பாதி அப்பாவுடையது. எனவே முடிவிலும் ஆளுக்குப் பாதி உரிமை. சண்டை அங்கேதான் ஆரம்பம். :)

முதலில் மொத்தம் எத்தனை நாள்? இதை மகளோ, விடுப்பு கொடுக்கும் கம்பெனியோ முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது கொடி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். அந்தக் கொடி ஆளை எப்படிக் கட்டிப் போடும் என்பது தோட்டம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். கவாத்து அடித்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நாலு மாசம். துளிர் விட்ட பிறகு ஒரு மழை பெய்தால் போதும், அடிச்சாம்பல் வந்துவிடும். மருந்தடிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த வெள்ளாமை அவ்வளவுதான். பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டேயிருக்கும். ஆனால் ஒரு தனித் தோட்டத்துக்கு, காய் வெட்டி முடித்து அடுத்த கவாத்து வரைக்கும்தான் மூச்சு விட நேரம். அதிலும் எரு வைக்க, பந்தல் கம்பி இழுத்துக்கட்ட என்று வேலை உண்டு. அப்பா சொன்ன எண்: பதினஞ்சு நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வரும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. பதினாறாவது நாளின் வாய்ப்புச் செலவு ஒரு போக திராட்சை என்று எழுதினால் எந்தப் பேராசிரியரும் முழு மதிப்பெண் போடுவார்.

மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. கம்பத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ், பிறகு பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம், அதேபோல் திரும்பி வர. போகவர நாலு நாள் போச்சு. மிச்சம் பதினொரு ராத்திரி.

ராத்திரி என்று சொன்னதைக் கவனியுங்கள். நாளாக எண்ணினால் ஏமாந்துபோவோம். ஓர் ஊருக்கு "இரண்டு நாள்" என்று தாளில் போட்டிருப்பார்கள். முதல் நாள் மாலை ஐந்துக்கு வந்து இறங்கி, மறுநாள் காலை எட்டுக்குப் பெட்டியைத் தூக்கினால் அதுவும் இரண்டு நாள்தான்! எத்தனை ராத்திரி ஒரே கட்டிலில் தூங்குகிறோம் என்று எண்ணினால் பொய் சொல்ல முடியாது. மூன்று ராத்திரி தங்கினால் நடுவில் இரண்டு முழுப் பகல் கையில் நிற்கும். இரண்டு ராத்திரிக்கு ஒன்று. ஒரு ராத்திரிக்கு? பூஜ்யம்.

ஊர் மாறும்போதெல்லாம் அரைநாள் செலவு. அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷன் போக வேண்டும், போய் இறங்கி அடுத்த அறை திறக்கும் மூன்று மணி வரை பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ரயில் என்னவோ வேகம்தான். லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலுக்கடியில் இரண்டே கால் மணி நேரம் சொச்சம், பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆனால் லண்டனில் வண்டி ஏறும் முன்பே பாஸ்போர்ட் சோதனை, பெட்டி சோதனை எல்லாம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னாடியே போய் நிற்க வேண்டும். குமுளி பஸ்ஸில் ஓடி ஏறுகிற பழக்கம் அங்கே உதவாது.

இப்போது அந்தப் பத்து நாள் ஏழு நாடு விளம்பரத்தை மறுபடி எடுத்துப் போடுவோம். விமானத்துக்கு முதலும் கடைசியும் போனால் எட்டு. ஆறு தடவை இடம் மாற ஆறு அரைநாள், மூன்று. கையில் நிற்பது ஐந்து. ஐந்து பகலில் ஏழு நாடு. இதில் பேருந்து ஓட்டுநர் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-ல் கொண்டுவந்த விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டும், ஒரு நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும், ஏமாற்ற முடியாது. நல்ல சட்டம்தான். போடிமெட்டு, கம்பமெட்டு ஜீப்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் ஏலத்தோட்டத்துக்கு விடிகாலையில் நெருக்கியடித்து ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்கி வரும் பெண்கள் நிம்மதியாக வீடு வந்து சேர்வார்கள். ஆனால் சுற்றுலா வந்தவர் பாடு? "வெனிஸில் இன்னும் ஒரு மணி நேரம்" என்று யார் கெஞ்சினாலும் ஓட்டுநர் கடிகாரத்தைத்தான் காட்டுவார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து தென்னிந்தியா வருகிறவர்களின் வழக்கமான திட்டம் என்ன? மதுரையில் இரண்டு ராத்திரி, தேக்கடியில் இரண்டு, பிறகு மூணாறு அல்லது கொச்சி. நடுவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு? கார் கண்ணாடி வழியாக ஒன்றரை மணி நேரம். பாண்டியர் வரலாற்றுக்குச் செப்பேடு கொடுத்த சின்னமனூர் அவர்களுக்கு ஒரு வேகத்தடை. வீரபாண்டி, ஒரு முல்லையாற்றுப் பாலம். திராட்சைப் பந்தலடியில் பத்து நிமிஷம் நிறுத்தி ஒரு படம், அவ்வளவுதான். தேக்கடியில் தங்குகிறவர்களில் சிலர் மட்டும் பெரியார் புலிகள் காப்பகம் நடத்தும் மாட்டுவண்டிப் பயணத்தில் கீழே தமிழ்நாட்டுப் பக்கத் தோட்டங்களுக்கு அரைநாள் வருகிறார்கள். அந்த அரைநாள்காரர்கள் எலுமிச்சை விலை கேட்கிறார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளைகளிடம் பெயர் கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரக்காரர்கள் யாரையும் எதையும் கேட்டதில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களும் "பதினாலு நாளில் தென்னிந்தியா" விளம்பரம் பார்த்து வந்தவர்கள்தானே.

நம் திராட்சைக்காரர் வீட்டுக்கு வருவோம்.

மகள் முதலில் போட்டது ஒன்பது நாடு. அப்பா போட்டது ஒரே ஓர் ஊர். கேம்பர்லி. இங்கிலாந்தில் லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். ஜான் பென்னிகுவிக் 1911 மார்ச் 9 அன்று காலமானது அங்கேதான். பக்கத்தில் ஃபிரிம்லியில் புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு சார்பில் கேம்பர்லியில் அவருக்குச் சிலையும் திறந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணைதான் மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி லோயர்கேம்ப்பில் இறக்கியது. அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல். பள்ளத்தாக்கில் வீட்டுச் சுவரில் சாமி படத்தோடு அவர் படமும் தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர்கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15, அவர் பிறந்தநாளில், பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஐரோப்பா போகிறவர், அவர் கல்லறையை விட்டுவிட்டு வெனிஸில் படகு சவாரி போக வேண்டுமாம்!

சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் கேட்டார்கள். "கேம்பர்லியா? அது எந்தத் திட்டத்துலயும் வராதுங்களே" என்று பதில். அதோடு இன்னொரு சிக்கல். பிரிட்டனுக்கு விசா தனி, ஷெங்கன் விசா தனி. ஷெங்கன் என்பது 29 நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. ஒரு நாட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் நடுவில் வழக்கமாகப் பாஸ்போர்ட் சோதனை இருக்காது. கம்பமெட்டு ஏறி கேரளா போய்வருகிற மாதிரிதான். பிரிட்டன் அதில் சேரவேயில்லை. 2024 ஜூனிலிருந்து ஷெங்கன் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. பிரிட்டனுக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம், தனி கைரேகை.

"அப்பா, ஒரு கல்லறைக்காக மூணு பேருக்குத் தனி விசாவா?"

"ஏத்தா, நாம திங்கிற சோறு அவரு கொடுத்தது. அந்த ஊரு வரைக்கும் போயிட்டு, பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

மகளால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. விசா கட்டணம் நிலைச் செலவு, ஒரு நாள் இருந்தாலும் ஒரு மாசம் இருந்தாலும் அதேதான். கட்டியாச்சு என்றால் அங்கே நாள் கூட்டக்கூட ஒரு நாளுக்கான செலவு குறையும். கணக்குப் பார்க்கிறவருக்கு அடுத்த முடிவு தானாக வரும்: பிரிட்டனுக்குப் போவதென்றால் ஒரு ராத்திரிக்காகப் போகக்கூடாது. லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறி, பெரும்பாலும் வழியில் ஒருமுறை வண்டி மாறி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் கேம்பர்லி. சிலை, ஃபிரிம்லி கல்லறை இரண்டுக்கும் ஒரு முழுப் பகல். மிச்சம் லண்டனுக்கு. நாலு ராத்திரி.

இப்படி எங்கே கட்டாயம் போக வேண்டுமோ அதை முதலில் ஆணியடித்துவிட்டு மிச்ச நாளைப் பங்கு போடுவது புது உத்தி ஒன்றும் இல்லை. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி செப்டம்பர் 12 முதல் டிசம்பர் 5 வரை இங்கிலாந்தில் இருந்தார். நடுவில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். திரும்பும்போது பாரிஸுக்கு ஒரே ராத்திரி. சுவிட்சர்லாந்தில் வில்நெவ் என்ற சின்ன ஊருக்கு ஐந்து நாள், ஏனென்றால் அங்கே ரோமன் ரோலண்ட் இருந்தார். ரோமுக்கு இரண்டு நாள். பாரிஸைவிட வில்நெவுக்கு ஐந்து மடங்கு என்று எந்த ஏற்பாட்டாளரும் திட்டம் போட்டுத் தரமாட்டார்.

மீதி ஏழு ராத்திரி. மகளுக்குப் பாரிஸும் சுவிட்சர்லாந்தும் வேண்டும். இத்தாலி, ஜெர்மனி, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் ஒரே வாரத்தில் அடிபட்டுப் போயின. அம்மாதான் அடித்தார். "எனக்கு மூட்டு வலிக்குது. தெனம் ஒரு பெட்டி கட்ட என்னால ஆகாது" என்ற ஒரே வரியில் ஐந்து நாடு காலி.

குறைந்துசெல் பயன்பாட்டு விதியைப் புத்தகத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துச் சொல்லித் தருவார்கள். முதல் பழம் இனிக்கும், நாலாவது சலிக்கும். தேவாலயத்துக்கும் இது பொருந்தும், மூன்றாவதில் எல்லோருமே வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஊருக்கு இந்த விதி பாதிதான் பொருந்துகிறது. புது ஊரில் முதல் நாள் வழி தேடுவதிலேயே போகும். இரண்டாம் நாள்தான் எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று தெரியவரும். பயன்பாடு முதலில் ஏறி, பிறகுதான் இறங்குகிறது. ஏறுகிற நேரம் பார்த்துக் கிளம்பிவிடும் திட்டங்கள்தான் ஊரில் நிறைய.

சுவிட்சர்லாந்தில் இன்னொரு விஷயம், மேகம். யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில், ரயிலிலேயே போய் இறங்கலாம். நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். ஆனால் மேலே மேகம் மூடிவிட்டால் கட்டிய பணத்துக்கு வெள்ளைச் சுவர்தான் காட்சி. மேகமலைக்குப் போய் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலை பார்க்கப் போகிறவர் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டே தீர வேண்டும். மூன்று ராத்திரி, இரண்டு பகல், அதில் ஒன்று மேகத்துக்கு என்று மகள் வாதாடினாள்.

"பனிதானத்தா? நம்ம மலையில பாக்காத பனியா?"

"அது வேற பனிப்பா!"

எப்போது போவது என்பதும் நாள் கணக்கில் சேர்ந்ததுதான். கம்பத்தில் பகல் வருஷம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பாரிஸில் ஜூனில் பதினாறு மணி நேரம், சூரியன் மறைய ராத்திரி பத்தாகும். டிசம்பரில் எட்டு மணி நேரம் சொச்சம், ஐந்து மணிக்கே இருட்டு. டிசம்பரில் நாலு நாளும் ஜூனில் இரண்டு நாளும் வெளிச்சக் கணக்கில் ஒன்று. அதோடு லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள். எத்தனை நாள் என்பதோடு எந்தக் கிழமை என்றும் பார்க்காவிட்டால், போய்ப் பூட்டிய கதவைப் படம் எடுத்து வரலாம்.

கடைசியில் தாளில் நின்றது இது: பிரிட்டன் 4, பிரான்ஸ் 4, சுவிட்சர்லாந்து 3.

இதை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் எங்கே நுழைகிறோமோ அங்கே. பாரிஸிலிருந்து ஒரே ஒரு ராத்திரியை எடுத்து சுவிஸில் போட்டால் பிரான்ஸ் 3, சுவிட்சர்லாந்து 4 ஆகி, விண்ணப்பமே வேறு தூதரகத்துக்குப் போய்விடும். விடுதிப் பதிவு, ரயில் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்தத் தாளோடு ஒத்துப்போக வேண்டும். மேகத்துக்காக இன்னொரு உபரி நாள் என்று மகள் ஆரம்பித்தபோது அப்பா சொன்னது: "ஒரு ராத்திரிக்கு ஒரு தூதரகமா? கவாத்தை மாத்துறதே லேசு போலருக்கே."

மாற்றத்தான் வேண்டியிருக்கும் போல. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாகப் பதினைந்து நாள். ஆனால் அதற்கு முன்னால் சென்னையில் கைரேகை வைக்க நாள் கிடைக்க வேண்டும். கிடைத்தது காய் வெட்டுகிற வாரத்தில். வியாபாரியிடம் நாலு நாள் தள்ளி வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார் அப்பா. மழை வராமல் இருந்தால் தள்ளலாம் என்றிருக்கிறார் வியாபாரி. சுருளி மலைப் பக்கம் மேகம் கூடுகிறதா என்று வீட்டில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.